பழைய எஸ்.யூ.வி.யின் ஃபோர் வீல் டிரைவ்: பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பத்து, பதினைந்து வருடம் ஓடிய எஸ்.யூ.வி.யில் ஃபோர் வீல் டிரைவ் கெட்டுப்போவது பெரும்பாலும் ஓடித் தேய்ந்ததால் அல்ல, சும்மா கிடந்ததால். முன்பு வைத்திருந்தவர் வருடக்கணக்கில் அதைப் போட்டே இருக்க மாட்டார். அதற்குள் ஷிஃப்ட் மோட்டாரின் கான்டாக்டுகளில் பச்சை பூத்திருக்கும், வேக்குவம் குழாய் வெடித்திருக்கும், ஹப்புக்குள் (சக்கரத்தை ஆக்ஸிலோடு பூட்டும் நடுப்பகுதி) கிரீஸ் மெழுகுபோல இறுகியிருக்கும். இவையெல்லாம் வண்டிக்கு வெளியிலிருந்தே முடிக்கக்கூடிய வேலைகள். டிரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, இறக்குவது கடைசி வேலை. பலர் அதையே முதல் வேலையாகச் செய்துவிட்டு, திரும்ப மாட்டியபிறகும் அதே பழுது இருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

இன்ஜின் விசை முன்சக்கரத்துக்குப் போய்ச் சேர ஆறு கண்ணிகள் உள்ளன: லீவர் அல்லது சுவிட்ச், அதன் கட்டளையை நிறைவேற்றும் லிங்கேஜ் அல்லது மோட்டார், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் (விசையை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு), முன் டிஃபரன்ஷியல் (அதை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி), கடைசியில் ஹப் அல்லது ஆக்ஸில் பூட்டு. எந்தக் கண்ணியில் விசை நிற்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்ற வேண்டாம்.

உங்கள் வண்டி எந்த வகை?

பார்ட் டைம் வகையில் 4-எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. அதனால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திரும்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கும், டயர் குதிக்கும். இது பழுது அல்ல, அந்த வகையின் இயல்பு. ஃபுல் டைம் வகையில் நடுவில் சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கும், அதற்குத் தனி லாக்கும் இருக்கும். மூன்றாவது வகையில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளோ பின் ஆக்ஸிலுக்கு முன்னாலோ ஒரு கிளட்ச் அடுக்கு இருந்து, தேவைப்படும்போது மட்டும் மற்ற இரண்டு சக்கரங்களுக்கு விசையைத் தள்ளும். மிட்சுபிஷி 1991-இல் பஜேரோவில் கொண்டுவந்த சூப்பர் செலக்ட் போன்றவை பார்ட் டைமையும் ஃபுல் டைமையும் ஒரே லீவரில் தருபவை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பார்ட் டைம் வகைக்கானது, ஏனென்றால் பழைய வண்டிகளில் அதுதான் அதிகம். மற்ற இரண்டுக்கும் வேறுபடும் இடங்களைச் சொல்லியிருக்கிறோம்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

முதலில் டயர். நான்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம் இருக்க வேண்டும். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 30 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 418 சுற்று சுற்றும். முன்னால் புதுசும் பின்னால் 3 மில்லிமீட்டர் தேய்ந்ததும் போட்டிருந்தால் சுற்றளவில் 19 மில்லிமீட்டர் வித்தியாசம். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 மீட்டர். பூட்டப்பட்ட டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த 8 மீட்டரையும் முறுக்கமாக வாங்கிக்கொள்ளும். லீவர் 4-எச்சிலிருந்து வெளியே வர மறுப்பதற்கு இதுதான் முதல் காரணம். அப்படி மாட்டிக்கொண்டால் லீவரை உதைக்காதீர்கள். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே லீவரை மெதுவாக இழுத்தால் முறுக்கு விட்டுவிடும்.

அடுத்தது ஆக்ஸில் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. கைமாறி வந்த வண்டியில் யாராவது டிஃபரன்ஷியலை மாற்றியிருந்தால் முன்னும் பின்னும் வேறு வேறு ரேஷியோ ஆகியிருக்கும். திறக்காமலே பார்க்கலாம். ஒரு பக்கச் சக்கரம் தரையில் இருக்க, எதிர்ப்பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வையுங்கள். தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றி, புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வந்தது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். 41 வந்தால் 4.1. முன் ஆக்ஸிலுக்கு 2-எச்சில் (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை), ஹப்பைப் பூட்டிவைத்து இதையே செய்யுங்கள். 4.10, 4.11 என்ற அளவு வித்தியாசம் பரவாயில்லை. 4.1, 4.5 என்று இருந்தால் எந்த ரிப்பேரும் அந்த வண்டியைக் காப்பாற்றாது. டிஃபரன்ஷியலைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, போடும் முறை. எலக்ட்ரிக் சுவிட்ச் வண்டிகள் பலவற்றில் 4-எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை) விழ வண்டி நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக்கோ கிளட்சோ மிதிபட்டிருக்க வேண்டும். நியூட்ரல் சுவிட்ச் ஒன்று கெட்டிருந்தாலே 4-எல் மட்டும் விழாது, 4-எச் ஒழுங்காக விழும். பழுது என்று வரும் வண்டிகளில் கணிசமானவை ஓனர் மேனுவலின் அந்தப் பக்கத்தைப் படித்ததும் சரியாகிவிடுபவை.

தூக்கும்போது

ஃபோர் வீல் வண்டியைத் தூக்குவது சாதாரணக் காரைத் தூக்குவதுபோல அல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை 'பி'யில் போட்டாலும் வண்டி உருளும், ஏனென்றால் 'பி' பூட்டுவது கியர்பாக்ஸை மட்டும்தான். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் அவுட்புட்டில் இருக்கும். அப்போது ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலே பிரேக் பிடியை இழந்துவிடும். ஆகவே ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஒரு ஆக்ஸிலை மட்டும் தூக்கிவைத்து, 4-எச் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு கியர் போடுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து குதித்து ஓடும்.

கையால் சுழற்றும் சோதனை

இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் முக்கால்வாசிப் பழுதை இதுவே பிரித்துக் காட்டிவிடும். முன்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்குங்கள், பின்சக்கரங்கள் தரையில் இருக்கட்டும்.

2-எச்சில் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் சுழற்றுங்கள். லேசாகச் சுழல வேண்டும். இப்போது 4-எச் போடுங்கள். எலக்ட்ரிக் வண்டியில் இக்னிஷன் ஆன் செய்து சுவிட்சைத் திருப்பியபிறகு, விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் ஷாஃப்டைக் கொஞ்சம் அசைத்துக் கொடுத்தால் பல் சேர்ந்துவிடும். வேக்குவம் ஹப் இருக்கும் வண்டியில் கியரை நியூட்ரலில் வைத்து இன்ஜினைச் சில நொடிகள் ஓடவிட்டு நிறுத்திவிடுங்கள். மறுபடி ஷாஃப்டைச் சுழற்றிப் பாருங்கள்.

ஷாஃப்ட் இன்னும் சுழன்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டவில்லை. பழுது சுவிட்ச், மோட்டார், லிங்கேஜ் அல்லது கேஸுக்குள். ஷாஃப்ட் அசையாமல் நின்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை செய்கிறது. அதை மறந்துவிட்டு முன்பக்கம் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முன் ஷாஃப்டுக்கு விசையைக் கொண்டுபோகும் சங்கிலி தேய்ந்திருப்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டாது, அது பிறகு வரும்.

ஷாஃப்ட் பூட்டிய நிலையிலேயே ஒரு முன்சக்கரத்தைச் சுழற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் எல்லாக் கண்ணியும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் சுழற்றும் சக்கரம் சுழல்கிறது, அதன் அரை ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) அசையவில்லை என்றால் அந்தப் பக்க ஹப் பூட்டவில்லை. அரை ஷாஃப்டும் சுழல்கிறது, எதிர்ப்பக்க அரை ஷாஃப்ட் பின்னோக்கிச் சுழல்கிறது, எதிர்ச்சக்கரம் மட்டும் நிற்கிறது என்றால் பழுது எதிர்ப்பக்க ஹப்பில். ஒரு பக்கம் மட்டும் ஆக்ஸிலைத் துண்டிக்கும் அமைப்புள்ள வண்டியில், அந்தத் துண்டிப்புப் பூட்டு இருக்கும் இடத்தில் இதே அடையாளம் தெரியும். ஒரு ஹப் பூட்டாவிட்டாலும் இரண்டு முன்சக்கரங்களும் இழுக்காது. சாதாரண டிஃபரன்ஷியல் விசையை எளிதாகச் சுழலும் பக்கமே தள்ளிவிடும் என்பதே காரணம். "ஒரு பக்கம்தானே கெட்டது, பாதியாவது இழுக்குமே" என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஃபுல் டைம் வண்டியில் சோதனை வேறு: ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியர் நியூட்ரலில், சென்டர் லாக் இல்லாமல் சுழற்றினால் சுழல வேண்டும். லாக் போட்டால் நிற்க வேண்டும். விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் விசையைக் கடத்தும் இணைப்பு) உள்ள வகையில் தேனில் கரண்டி விட்டுக் கிளறுவதுபோல மெதுவான எதிர்ப்பு தெரியும். எதிர்ப்பே இல்லாவிட்டாலும், அசையவே மறுத்தாலும் கப்ளிங் போய்விட்டது. அதைத் திறந்து சரிசெய்ய முடியாது, முழுதாக மாற்றுவதுதான்.

சுவிட்சும் ஷிஃப்ட் மோட்டாரும்

ஃபியூஸ், பேட்டரி இரண்டையும் முதலில் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். வலுவிழந்த பேட்டரியில் மோட்டார் பாதியில் நின்று, விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். மின்னும் விளக்குக்கு அர்த்தம் "கட்டளை வந்தது, முடிக்க முடியவில்லை" என்பது. ஸ்கேனரில் பி0500 போன்ற வேக சென்சார் கோடு இருந்தால் அதை முதலில் தீருங்கள். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியாவிட்டால் அது கியர் மாற்ற அனுமதிக்காது.

அடுத்தது மோட்டார். பெரும்பாலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறமோ பக்கத்திலோ மூன்று, நான்கு போல்ட்டில் மாட்டியிருக்கும். கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் தடித்த ஒயர் இரண்டு மோட்டாருக்கு, மெல்லிய ஒயர்கள் நிலையறியும் சென்சாருக்கு. தடித்த இரண்டில் மட்டும், 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒயர் மூலம் 12 வோல்ட் கொடுங்கள். மோட்டார் ஓர் ஓட்டம் ஓடி நிற்க வேண்டும். ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓட வேண்டும். கடைசிக்குப் போய் நின்றதும் உடனே ஒயரை எடுத்துவிடுங்கள், பிடித்துக்கொண்டே இருந்தால் சுருள் கருகும். மெல்லிய ஒயரில் தவறியும் 12 வோல்ட் கொடுக்காதீர்கள்.

மோட்டார் ஓடவில்லை என்றால் கழற்றுங்கள். கழற்றும் முன் ஷிஃப்ட் ஷாஃப்டும் மோட்டாரும் சேரும் நிலையை பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறி இல்லாமல் மாட்டினால் 2-எச் போட்டால் 4-எல் விழும் அவலமெல்லாம் நடக்கும். மோட்டாரைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் தண்ணீர் புகுந்த துருவும், வட்டமான கான்டாக்ட் தகட்டில் பச்சையும் கிடக்கும். கான்டாக்ட் கிளீனரால் கழுவி, தகட்டை மெல்லிய ரப்பரால் தேய்த்து, புது சீல் வைத்து மூடினால் பலமுறை அதுவே போதும். கார்பன் பிரஷ் தேய்ந்து ஸ்பிரிங் வெளியே தெரிந்தால் மோட்டாரை மாற்றுங்கள்.

மோட்டார் வெளியே இருக்கும்போதே ஷிஃப்ட் ஷாஃப்டை ஸ்பேனரால் கையில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் 'டக்' என்று உட்கார வேண்டும். ஒரு நிலைக்கு மட்டும் போக மறுத்தால் பின் வண்டியை ஓரடி உருட்டிவிட்டு மறுபடி முயலுங்கள், பல் முனைமேல் முனை நின்றிருக்கலாம். அப்போதும் மறுத்தால்தான் கேஸுக்குள் ஃபோர்க் (பற்களைத் தள்ளிச் சேர்க்கும் கவை) பழுது. கையால் நன்றாக மாறுகிறது, மோட்டாரால் மாறவில்லை என்றால் பழுது மோட்டாரிலோ ஒயரிங்கிலோதான்.

லீவர் வண்டிகளில் லிங்கேஜின் நைலான் புஷ் உதிர்ந்திருப்பதே வழக்கமான குற்றவாளி. லீவர் முழு தூரம் போனாலும் கேஸ் பக்கக் கை பாதிதான் நகரும். புஷ்ஷை மாற்றி, ராடை நடு நிலையில் வைத்து நீளம் சரிசெய்தால் முடிந்தது.

வேக்குவம்

முன் ஆக்ஸிலையோ ஹப்பையோ வேக்குவத்தால் பூட்டும் வண்டிகளில் பழுதுக்குப் பாதி காரணம் ரப்பர் குழாய்தான். இன்ஜின் சூட்டுக்கு அருகில் இருக்கும் வளைவிலும், ஸ்டீயரிங் நக்கிள் அருகே ஆடும் இடத்திலும் முதலில் வெடிக்கும். வெளியே நன்றாகத் தெரியும் குழாயின் முனையைப் பிடித்து மடக்கினால் வெடிப்பு வாய் திறக்கும்.

இந்த அமைப்புகளில் இரு எதிரெதிர் வகை உண்டு என்பதை மறந்தால் நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். ஒரு வகையில் வேக்குவம் கொடுத்தால் ஹப் பூட்டும். மற்றதில் வேக்குவம் இருக்கும்வரை ஹப் விடுபட்டு நிற்கும், வேக்குவம் போனால் பூட்டும். 2004-க்குப் பிந்தைய ஃபோர்ட் எஃப்-150 இந்த இரண்டாவது வகை. அதில் குழாய் கசிந்தால் ஃபோர் வீல் விழாமல் போகாது, 2-எச்சில் போகும்போதே ஹப் பாதி சேர்ந்து பல் அரைக்கும் சத்தம் வரும். சத்தத்தைக் கேட்டு வீல் பேரிங்கை மாற்றுபவர்கள் உண்டு.

கேஜ் வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது மூலக் குழாயில் பெட்ரோல் வண்டியில் கடல்மட்ட உயரத்தில் 17 முதல் 21 அங்குல பாதரச அளவு வர வேண்டும். தனி பம்பு உள்ள டீசலில் அதைவிடக் கொஞ்சம் கூடவே வரும். பிறகு ஆக்சுவேட்டரில் நேரடியாகக் கைப்பம்பை மாட்டி 15 அங்குலம் இழுங்கள். ஒரு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும், ஆக்சுவேட்டர் ராடும் முழுதாக நகர வேண்டும். முள் நின்றும் ராட் நகராவிட்டால் இயந்திரப் பகுதி துருப்பிடித்து இறுகியிருக்கிறது. முள் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஆக்சுவேட்டர் நன்றாக இருந்தால் அங்கிருந்து சோலினாய்டு, செக் வால்வு, சேமிப்பு டப்பா என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போங்கள். சோலினாய்டில் மல்டிமீட்டர் வைத்தால் சில பத்து ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

ஹப்புக்குள்ளேயே வேக்குவம் போகும் வகையில் வீல் பேரிங் சீலும் ஓ-ரிங்குகளும் காற்றுப் புகாமல் இருந்தால்தான் பூட்டு விழும். பேரிங் சீல் தேய்ந்த பழைய வண்டியில் இதைத் துரத்திக்கொண்டே இருப்பதைவிட, அந்த மாடலுக்குக் கையால் திருப்பும் ஹப் கிடைத்தால் அதை மாட்டிவிடுவதே எங்கள் பரிந்துரை. இறங்கித் திருப்ப வேண்டும் என்ற ஒரு சிரமம்தான்.

ஹப்

கையால் திருப்பும் ஹப்பைக் கழற்ற மூடியின் போல்ட்டுகள், அச்சு முனையில் ஒரு சர்க்ளிப், பிறகு உடல் போல்ட்டுகள். உள்ளே இருக்கும் கிளட்ச் வளையம் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். பழைய கிரீஸை டீசலில் கழுவி, உலர்த்தி, மெல்லிய படலமாக மட்டும் புது கிரீஸ் தடவுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு பேரிங்குக்கு அடைப்பதுபோல ஹப்பையும் கிரீஸால் நிரப்புவது. குளிரில் அந்தக் கிரீஸ் இறுகி வளையத்தை நகரவிடாது. கிளட்ச் வளையத்தின் பல் முனை உருண்டிருந்தால் ஹப் பாரம் ஏறும்போது வழுக்கி 'டம்' என்று விடும், வளையத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓ-ரிங்கும் பேப்பர் கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். இரு பக்க ஹப்பும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஒன்று லாக் ஒன்று ஃப்ரீ என்று விட்டுவிடுவது மிக எளிது.

ஆயில்

வாங்கியதும் மூன்று இடத்திலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். மாற்றுவதைவிட முக்கியம், வெளியே வருவதைப் படிப்பது.

நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள், பிறகுதான் வடிக்கும் பிளக். துருப்பிடித்த நிரப்பும் பிளக் கழலாமல் போனால், வடித்துவிட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பெரும்பாலும் 1 முதல் 2.5 லிட்டர், முன் டிஃபரன்ஷியல் 1 முதல் 2 லிட்டர் பிடிக்கும். பொதுவாக வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்து வழிய வேண்டும்.

எந்த ஆயில் என்பதில் தவறக்கூடாது. சங்கிலியால் இயங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றில் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிய ஆயில்) ஊற்ற வேண்டும். அதில் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் சின்ன பம்பால் அதை மேலே தூக்க முடியாது, பேரிங் வறண்டு போகும். பல்சக்கரத்தால் இயங்குபவற்றில் 75டபிள்யூ-90 போன்ற கியர் ஆயில். டிஃபரன்ஷியலில் ஜி.எல்.-5 தரம். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இருந்தால் அதற்கான ஃபிரிக்ஷன் மாடிஃபையர் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பத்தில் உறுமும். கிளட்ச் அடுக்கு உள்ள மூன்றாவது வகைக்குக் கம்பெனி சொன்ன ஆயில் தவிர வேறெதுவும் ஊற்றாதீர்கள். அதில் மெதுவான திருப்பத்தில் வரும் நடுக்கம் ஆயிலை மாற்றியதும் போய்விடுவது உண்டு.

பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் இயல்பு. ஊசிபோல, செதில்போல உலோகம் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பித்தளைத் துகள் என்றால் சின்க்ரோ வளையம் அல்லது திரஸ்ட் வாஷர். பிளாஸ்டிக் துண்டு என்றால் ஷிஃப்ட் ஃபோர்க்கின் பேடு. ஆயில் பாலைப்போல வெளுத்திருந்தால் தண்ணீர். அதற்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட அல்லது அறுந்த பிரீதர் குழாய் (உள்ளே இருக்கும் காற்று வந்துபோகும் சிறு குழாய்). சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சீல்கள் மாற்றி மாற்றிக் கசிந்துகொண்டே இருந்தாலும் முதலில் பிரீதரை ஊதிப் பாருங்கள்.

இன்னொரு அடையாளம்: டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் அளவுக்கு மேல் இருக்கிறது, கியர்பாக்ஸில் குறைகிறது என்றால் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் சீல் போய்விட்டது. வெளியே ஒரு துளியும் தெரியாது.

ஷாஃப்டும் முன் டிஃபரன்ஷியலும்

புரொப்பல்லர் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டான கிராஸின் இருபுறமும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். சிறு ஆட்டம் இருந்தாலும் மாற்ற வேண்டும். கப் ஓரத்தில் சிவந்த துருப்பொடி தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் வறண்டுவிட்டது. ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சுகளில் குறி போடுங்கள். ஸ்லிப் ஜாயின்ட்டைப் பிரித்தால் அதிலும் குறி போடுங்கள். அதே நிலையில் மாட்டாவிட்டால் அதிர்வு வரும், அதைத் தேடி டயர் பேலன்ஸ் செய்யப் போவீர்கள். ஸ்லிப் ஜாயின்ட்டில் கிரீஸ் அடிப்பதும் இரண்டு மூன்று அழுத்தம் போதும். நிறைய அடைத்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கைத் தள்ளும்.

சி.வி. ஜாயின்ட்டின் (அரை ஷாஃப்டின் வளையும் மூட்டு) ரப்பர் உறையான பூட் கிழிந்தும் இன்னும் 'டிக் டிக்' சத்தம் வரவில்லை என்றால் கழுவி, கிட்டோடு வரும் மாலிப்டினம் கிரீஸ் பாக்கெட் முழுவதையும் வைத்து, புது பூட் போட்டால் பிழைக்கும். சத்தம் வந்துவிட்டால் ஜாயின்ட்டையே மாற்றுங்கள்.

டிஃபரன்ஷியலில் வீட்டில் செய்யக்கூடியது பினியன் சீல், அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் இருக்கும் ஆயில் சீல். அதிலும் ஒரு பொறி உண்டு. பினியன் நட்டுக்குப் பின்னால் பல வண்டிகளில் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. நட், ஷாஃப்ட், ஃபிளாஞ்சு மூன்றிலும் ஒரே கோடு போட்டு, வெளியே தெரியும் மரை எத்தனை என்று எண்ணி, பினியன் சுழல எவ்வளவு விசை தேவை என்று சின்ன டார்க் ரெஞ்சால் அளந்தபிறகே கழற்றுங்கள். திரும்ப அதே கோடு வரை இறுக்கி, அளந்த விசை வந்துவிட்டதா என்று பாருங்கள். ஏர் கன்னால் அடித்து இறுக்கினால் பேரிங் சில நூறு கிலோமீட்டரில் ஊளையிடும். கிரவுன் வீல், பினியன் மாற்றுவது வேறு நிலை. பேக்லாஷ் (இரண்டின் பற்களுக்கும் நடுவிலான இடைவெளி) வழக்கமாக 0.13 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும், டயல் கேஜ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறப்பது

இங்கே வர மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். கையால் ஷிஃப்ட் ஷாஃப்டைத் திருப்பியும் பூட்டவில்லை. பாரம் ஏறும்போது கியர் தானாக வெளியே வருகிறது. அல்லது 4-எல்லில் ஏற்றத்திலோ ரிவர்ஸிலோ 'கடக்' என்று பெரிய அடி விழுகிறது. கடைசியாகச் சொன்னது நீண்டுபோன சங்கிலி பல்லைத் தாண்டும் சத்தம். ஷாஃப்ட் பூட்டியிருக்கும்போதும் முன் ஃபிளாஞ்சில் வழக்கத்தைவிட அதிக ஆட்டம் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும்.

ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, இரண்டு ஷாஃப்டையும் குறி போட்டு இறக்குங்கள். கனெக்டர், பிரீதர், ஸ்பீடோ கேபிள் அல்லது சென்சார், லிங்கேஜ் ஆகியவற்றை விடுவியுங்கள். கிராஸ் மெம்பரை அவிழ்க்கும் முன் கியர்பாக்ஸுக்குத் தனி ஸ்டாண்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் பின்னால் சாய்ந்து மேலே இருக்கும் குழாய்களை நசுக்கும். கேஸ் 30 முதல் 60 கிலோ வரை இருக்கும். நெஞ்சில் தாங்கி இறக்கும் வேலை வேண்டாம், டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் பட்டையால் கட்டி, நேராகப் பின்னோக்கி இழுங்கள்.

மேஜையில் வைத்து, பாதிகளைப் பிரிக்க அதற்கென்று இருக்கும் பள்ளத்தில் மட்டும் நெம்புங்கள். சேரும் முகத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டால் அந்தக் கீறல் வழியாக ஆயில் கசியும். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். ஷிம், திரஸ்ட் வாஷர், சர்க்ளிப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது நினைவில் நிற்காது. சங்கிலியும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றாகவே வெளியே வரும், ஒன்றாகவே உள்ளே போகும்.

பார்க்க வேண்டியவை: கேஸின் உட்சுவரில் சங்கிலி உரசிய கோடு, 2-எச், 4-எச் மாற்றும் வளையமான மோடு காலரின் பல் முனைகள் (உருண்டிருந்தால் கியர் வெளியே வருவதற்கு அதுதான் காரணம், காலரையும் கேஸுக்குள் அது சேரும் ஹப்பையும் ஜோடியாக மாற்ற வேண்டும்), ஃபோர்க்கின் பேடுகள், ஒவ்வொரு பேரிங்கையும் கழுவி உலர்த்திக் கையில் சுழற்றினால் வரும் கரகரப்பு, ஆயில் பம்பு, அதன் வலை. பம்பின் காது உரசி அலுமினிய உடலில் ஓட்டை போடும் வகைகளும் உண்டு. அந்த இடம் பளபளத்துத் தேய்ந்திருந்தால், அங்கே போடும் பாதுகாப்புத் தகடு கிட்டையும் சேர்த்து வாங்குங்கள். சங்கிலி மாற்றினால் ஸ்ப்ராக்கெட் பல்லில் கொக்கிபோல வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் மாற்றாமல் புதுச் சங்கிலி நீடிக்காது. ஆயில் சீல்கள் எப்படி இருந்தாலும் எல்லாம் புதிது.

மூடும்போது இரு முகத்தையும் பிரேக் கிளீனரால் துடைத்து, 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் சிலிக்கான் சீலன்ட் கோடு, போல்ட் துளைகளின் உள்பக்கமாகச் சுற்றி. பம்பின் உறிஞ்சு குழாய் அதன் இடத்தில் உட்கார்ந்ததா என்று உறுதிசெய்தபிறகே பாதியை இறக்குங்கள். அலுமினிய உடலில் எம்8 போல்ட்டுக்கு வழக்கமாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 35 முதல் 45. சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே சரி. மாட்டுவதற்கு முன் மேஜையிலேயே எல்லா நிலைக்கும் மாற்றி, அவுட்புட்டுகளைச் சுழற்றிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

புல்தரை, மணல், சரளை என்று வழுக்கும் தரைக்குப் போங்கள். 4-எச்சில் நேராக ஒரு கிலோமீட்டர், பிறகு பெரிய வட்டமாகத் திருப்பம். நின்று, நியூட்ரலில், 4-எல். முதல் கியரில் நடை வேகத்தில் சிறு ஏற்றம், பிறகு ரிவர்ஸில் அதே ஏற்றம். சங்கிலியோ ஹப்போ வழுக்கினால் இங்கே தெரிந்துவிடும். 2-எச்சுக்குத் திரும்பியதும் விளக்கு அணைய வேண்டும், முன் ஷாஃப்ட் கையால் மறுபடி லேசாகச் சுழல வேண்டும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் மூன்று ஆயில் அளவையும் பார்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் பிளக்கின் காந்தத்தைத் துடைத்துவிட்டு, ஃபிளாஞ்சு போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒருமுறை சரிபாருங்கள். அதன்பிறகு மாதம் ஒருமுறையாவது வழுக்கும் தரையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டுங்கள். டொயோட்டா தன் பார்ட் டைம் வண்டிகளின் கையேட்டில் இதற்கு மாதம் 16 கிலோமீட்டர் என்று கணக்கு கொடுத்திருக்கிறது. முன் டிஃபரன்ஷியலின் மேல் பல்லுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போய்ச் சேர அவ்வளவு தூரமாவது சுழல வேண்டும்.